வெளித் தாழ்ப்பாள்

"எந்திரிம்மா. ரெண்டு டீமும் வரிசையா வந்து நின்னாச்சு. எந்திரிச்சு உள்ள போ."

மாமியார் குரலை உயர்த்தவில்லை. ஆனால் தொலைக்காட்சிக்கும் மருமகளுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள், திரையில் தெரியும் ஆட்டக்காரர்கள் மேல் மருமகளின் பார்வை தப்பித் தவறிக்கூடப் படக்கூடாது என்பது போல.

தையலக்காவின் கால் மெஷினின் மிதியில் இருந்தது. ஊசிக்கு அடியில் ஒரு நீலச் சட்டையின் கை. இன்னும் ஒரு சாண் தையல் பாக்கி.

"இந்தக் கையை மட்டும் முடிச்சுட்டுப் போறேன் அத்தை."

"அண்ணி, வெளையாடாதீங்க!" கொழுந்தன் பாயிலிருந்து துள்ளி எழுந்தான். "இது அரை இறுதி. ஆரம்பிச்சுடுவான். எந்திரிங்க சொல்றேன்."

அவனும் ஆட்டம் பார்க்க வந்திருந்த எலக்ட்ரீஷியனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மெஷினைத் தூக்கினார்கள். ஊசியில் மாட்டிய சட்டை தொங்கிக்கொண்டே போயிற்று. பின்னறையில் அதை வைத்துவிட்டு வெளியே வந்தார்கள். அவள் நூல்பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தினார்கள். வெளித் தாழ்ப்பாள் விழுந்த சத்தத்துக்குப் பிறகுதான் கூடத்தில் பத்துப் பதினைந்து ஆம்பிளைகள் மூச்சு விட்டார்கள்.

தெருவில் எல்லோருக்கும் அவள் தையலக்காதான். அவளைவிட மூத்தவர்களுக்கும் அப்படித்தான். புருஷன் மார்வலியில் போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு வீட்டு மளிகையும் கரண்ட் பில்லும் அந்த மெஷினின் காலடியிலிருந்துதான் வருகின்றன. கொழுந்தன் சரக்கு வேன் ஓட்டுகிறான், ஓட்டினால் உண்டு. பந்தயம் கட்டுவது மட்டும் தவறாமல் உண்டு.

ரெண்டு வருஷத்துக்கு ஒரு தரம் அக்கம்பக்கத்து நாடுகள் சேர்ந்து ஆடும் கால்பந்துக் கோப்பை வரும். வந்துவிட்டால் தெருவுக்குச் சோறு தண்ணி வேண்டாம். இந்த வீட்டுத் தொலைக்காட்சிதான் தெருவிலேயே பெரியது. அதற்கும் மாதத் தவணை கட்டுவது தையலக்காதான் என்றாலும், அதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கூட்டமெல்லாம் இங்கேதான் கூடும்.

இந்த முறை முதல் ஆட்டத்தன்று அவள் ஆண்களுக்கு டீ கொண்டுவந்தாள். தட்டோடு கூடத்துக்குள் கால் வைத்த நேரம் பார்த்து எதிர் டீம்காரன் கோல் அடித்துவிட்டான். அவ்வளவுதான். "அக்கா வந்தாங்க, கோல் வந்துச்சு" என்று எவனோ சிரித்துக்கொண்டே சொன்னான். ஆட்டம் தோற்றபோது யாரும் சிரிக்கவில்லை. பந்தயத்தில் போனதை நினைத்து வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் ஒருமுறை அவளைப் பார்த்தார்கள். கல்யாணச் சேலை எடுக்கப் போகும்போது வழியில் வந்த விதவையை ஊர் எப்படிப் பார்க்குமோ அந்தப் பார்வை.

அடுத்த ஆட்டத்தில் அவளை உள்ளே போகச் சொன்னார்கள். டீம் ஜெயித்தது. அதற்கடுத்ததில் தாழ்ப்பாளே போட்டார்கள். மறுபடியும் ஜெயித்தது. அப்புறம் அதை யாரால் மாற்ற முடியும்? பந்தை உதைக்கிறவன் எங்கோ தூரதேசத்து மைதானத்தில் வேர்வை சிந்த, ஜெயித்துக் கொடுத்தது என்னவோ ஒரு பின்னறைத் தாழ்ப்பாள்தான் என்று தெருவே முடிவுகட்டிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை. கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேர் உடம்பிலும் இருந்த டீம் சட்டை, நீலத் துணி, பக்கவாட்டில் மஞ்சள் பட்டை, அவள் தைத்தது. கடையில் விற்கும் சட்டை விலைக்குக் கட்டுப்படியாகாது என்று துணியைக் கொண்டுவந்து அவளிடம் அளவு கொடுத்தவர்கள்தான் எல்லோரும். "அக்காவுக்குக் கையில ராசி இருக்கு, மூஞ்சியிலதான் இல்ல" என்று சலூன்கார விசில் ஒருநாள் சொல்ல, தெருவே சிரித்தது. முன்பல் இடைவெளியில் காற்று விசிலடிக்கப் பேசுகிறவர் அவர். தெருவில் பந்தயம் பிடிப்பதும் அவர்தான். நம் டீம் ஜெயிக்கும் என்று மற்றவர்கள் கட்டுவார்கள், ஜெயித்தால் அவர் கொடுப்பார், தோற்றால் எல்லாம் அவருக்கு. ஆனாலும் நீலச் சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்து கத்துவார்.

பின்னறையில் மின்விசிறி கிடையாது. உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல். தையலக்கா மெஷினை மிதித்தபடி சுவர் வழியாக ஆட்டத்தைக் கேட்டாள். "ஆ" என்று நீண்டால் பந்து வெளியே. "டேய் டேய் டேய்" என்றால் கோல் கிட்டத்தில். போன கோப்பைக்கு இதே கூடத்தில் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். ஆஃப்சைடு என்றால் என்ன என்று தீப்பெட்டியையும் நூல்கண்டையும் வைத்து அவர்தான் காட்டிக்கொடுத்தார். அப்போதும் டீம் சில ஆட்டம் ஜெயித்தது, சில ஆட்டம் தோற்றது. யாரும் அவள் முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

டீம் ஜெயித்துவிட்டது. பெனால்டி வரைக்கும் போய் ஜெயித்தது. வீடு அதிர்ந்தது. தகர டப்பா அடித்துக்கொண்டு மொத்தக் கூட்டமும் தெருவுக்கு ஓடியது. மாமியாரும் வாசலுக்குப் போய்விட்டாள்.

தாழ்ப்பாளை எடுக்க ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை.

முதலில் தட்டினாள். பிறகு அடித்தாள். தொண்டை வறண்டது. அவசரத்துக்குப் போகவும் வழியில்லை. அழுகை வரவில்லை, அவமானமாக இருந்தது. தன் வீட்டில், தன் மெஷினுக்குப் பக்கத்தில், கூண்டில் அடைத்த கோழிபோல நின்றுகொண்டிருப்பதை நினைத்து அவளுக்கே தன்மேல் ஆத்திரம் வந்தது.

வெகுநேரம் கழித்து ஓரகத்திதான் வந்து திறந்தாள். கொழுந்தன் பெண்டாட்டி, வாய் செத்த பெண்.

"மறந்தே போச்சுக்கா. மன்னிச்சுக்குங்க."

தையலக்கா குளியலறைக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது ஓரகத்தி அதே இடத்தில் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன். நான் சொன்னதாச் சொல்லிடாதீங்க. இறுதி ஆட்டத்துக்கு அவரு இப்பத்தான் விசில்கிட்ட உங்க மெஷினை வெச்சிருக்காரு."

"வெச்சிருக்காருன்னா?"

"ஜெயிச்சா வண்டிக் கடன் அடையுமாம். தோத்தா மெஷின் விசிலுக்கு. விசிலோட மச்சினனுக்குத் தையல் கடை இருக்குல்ல, அங்க போயிடும்."

தையலக்கா கையைத் துடைத்த துண்டோடு அப்படியே தெருவுக்குப் போய்க் கொழுந்தனைக் கூட்டத்திலிருந்து கூப்பிட்டாள். அவன் முகமெல்லாம் சிரிப்பாக வந்தான்.

"தம்பி, மெஷினை யாரைக் கேட்டு வெச்சீங்க?"

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "தோத்தாத்தானே அண்ணி? நீங்க உள்ள இருக்கற வரைக்கும் நாம தோக்கவே மாட்டோம். நாலு ஆட்டமா பாக்கறீங்கல்ல?"

"அது என் மெஷின்."

"அண்ணன் வாங்கினது. அண்ணன் பொருள்னா வீட்டுப் பொருள். வீட்டுப் பொருளை வெக்க எனக்கு உரிமை இல்லையா? அம்மாவைக் கேளுங்க."

மாமியார் உள்ளே வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். பின்னாலேயே வந்த தையலக்கா அடுக்களை வாசலில் நின்று கேட்டாள்.

"அத்தை, நான் சண்டைக்குக் கேக்கல. மாமா போய்ச் சேந்து எத்தனையோ வருஷமாச்சு. நீங்களும் என்னை மாதிரிதானே? நீங்க முன்வரிசையில உக்காந்து பாக்கறீங்க. உங்களுக்கு மட்டும் ஏன் தாழ்ப்பாள் இல்ல?"

மாமியாரின் கை பாத்திரத்தின் மேலேயே நின்றது. "எனக்கு வயசாயிடுச்சும்மா" என்றாள் கடைசியில். சொன்ன பதில் அவளுக்கே போதவில்லை என்பது முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

மறுநாள் காலையில் தையலக்கா சலூனுக்குப் போனாள். பெண்கள் அந்தப் படியில் ஏறுவது வழக்கமில்லை. கன்னம் முழுக்க நுரையோடு உட்கார்ந்திருந்த பால்காரர் கண்ணாடியில் அவளைப் பார்த்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். "நாளைக்கு ஆட்டத்தை வெச்சுக்கிட்டு இன்னைக்கு யார் மூஞ்சியில முழிக்கறேன் பாரு" என்று முணுமுணுத்தார். அவர் தலைக்கு மேலே சுவர் நீளத்துக்கு ஒரு நீலக் கொடி. அதையும் அவள்தான் தைத்துக் கொடுத்திருந்தாள்.

"என் மெஷினைப் பந்தயத்துல வெச்சிருக்காங்களாம். அது என்னுதுண்ணே. அதை எடுத்துடுங்க."

விசில் கத்தியைத் தோல்பட்டையில் தீட்டிக்கொண்டே பேசினார். "ஆம்பளைங்க பேசி முடிச்ச விஷயம்மா. உன் கொழுந்தன்கிட்ட கேளு. எனக்கு உன் வீட்டுப் பாகப்பிரிவினையெல்லாம் தெரியாது."

அவள் படியிறங்கினாள். திரும்பி நடக்கும்போது தெருவில் எதிரே வந்த ரெண்டு பேர் அவளைக் கண்டு ஓரம் ஒதுங்கினார்கள். என்ன பயம் இவர்களுக்கு என்று நினைத்தாள். வீடு வருவதற்குள் அந்த நினைப்பு வேறு மாதிரியாகத் திரும்பியிருந்தது. இத்தனை ஆம்பிளைகள் தன்னைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். அவள் வாழ்க்கையில் அவளைப் பார்த்து யாரும் பயந்ததே கிடையாது.

இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை மாலை. வெயில் சாய்வதற்கு முன்பே கூட்டம் வர ஆரம்பித்தது. முதலில் உள்ளே நுழைந்த எலக்ட்ரீஷியன் வாசல்படியிலேயே நின்றுவிட்டான். பின்னால் வந்தவர்கள் அவன் மேல் மோதிக்கொண்டார்கள்.

கூடத்தின் நட்டநடுவில், தொலைக்காட்சிக்கு நேர் எதிரே, மெஷின் இருந்தது. மெஷினுக்கு முன்னால் முக்காலியில் தையலக்கா. மடியில் கத்திரிக்கோல். புதுச் சேலை ஒன்றும் இல்லை, வேலைக்குக் கட்டுகிற அதே நூல்பஞ்சு ஒட்டிய சேலை.

"அண்ணி," கொழுந்தன் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான், "இன்னும் கொஞ்ச நேரத்துல ஆரம்பிச்சுடும்."

"தெரியும் தம்பி. அதான் எடம் பிடிச்சு உக்காந்திருக்கேன்."

"அம்மா! நீயாச்சும் சொல்லும்மா."

மாமியார் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"என் மெஷின் பந்தயத்துல இருக்கு," என்றாள் தையலக்கா. குரல் நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும் என்று தொடர்ந்தாள். "என் பொருளு போகுதா நிக்குதான்னு நான் பாக்க வேணாமா? மெஷினை விட்டுட்டாப் பேசலாம். இல்லாட்டி நான் இங்கதான்."

ஆளாளுக்குக் கத்தினார்கள். கூட்டத்தில் ஒவ்வொருத்தரும் எதையாவது கட்டியிருந்தார்கள். பால்காரர் தன் வண்டியையே வைத்திருந்தார். கையைப் பிடித்து இழுக்க நாலு பேருக்கு ஆசைதான், ஆனால் ஆட்டத்தன்று அவளைத் தொட்டால் அது இன்னும் தரித்திரம் ஆகிவிடுமோ என்று யாரும் கிட்டே வரவில்லை. அவர்கள் மூட்டிய நெருப்பே அவளுக்கு வேலியாக நின்றது.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் விசில் மட்டும் நிதானமாகக் காலை நீட்டி உட்கார்ந்தார். "உக்காந்துட்டுப் போவட்டுமேப்பா. பாவம், அவளும் மனுஷிதானே."

பால்காரர்தான் முதலில் புரிந்துகொண்டார். "ஓஹோ! அவ உக்காந்தா நாங்க தோப்போம், நாங்க தோத்தா உனக்கு லாபம். பேச்சு அப்படிப் போகுதா?"

"அட, நான் எதுக்கு..."

"மெஷினை விடுய்யா! இல்லன்னா இப்பவே எல்லாரும் கட்டினதைத் திருப்பி வாங்கிக்கறோம். ஒருத்தனும் உன் சலூன் படி ஏற மாட்டான்."

திரையில் அணிகள் வரிசையாக வந்து நின்றன. கூட்டத்தின் கோபம் முழுவதும் விசில் மேல் திரும்பியது. இத்தனை நாளாகச் சும்மா கிடந்த நியாயம் அத்தனை பேருக்கும் ஒரே நிமிஷத்தில் பிறந்துவிட்டது. "பொம்பள பொருளை வெச்சு ஆடுறது தப்புடா" என்று எலக்ட்ரீஷியன்கூடச் சொன்னான்.

விசில் எழுந்தார். "சரி, சரி. மெஷின் வேணாம். விட்டாச்சு."

தையலக்கா மடியிலிருந்த கத்திரிக்கோலை நீட்டினாள். "உங்க தொழிலுக்கும் இது சோறு போடுது, என் தொழிலுக்கும் போடுது. இது மேல கை வெச்சுச் சொல்லுங்கண்ணே. தம்பி, நீங்களும் வாங்க."

இருவரும் கை வைத்தார்கள். சொன்னார்கள். கொழுந்தனுக்கு முகம் செத்துப் போயிருந்தது.

"போதுமா? இப்ப உள்ள போங்க அண்ணி."

தையலக்கா கத்திரிக்கோலை நூல்பெட்டியில் போட்டாள். முக்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"பேசலாம்னுதானே சொன்னேன். உள்ள போறேன்னு எப்பச் சொன்னேன்?"

ஆட்டம் தொடங்கிவிட்டது. இனி சண்டை போட யாருக்கும் நேரமில்லை. முதுகு காட்டி உட்கார்ந்தார்கள், முணுமுணுத்தார்கள், ஆனால் கண் திரையை விட்டு நகரவில்லை. அவளும் பார்த்தாள். பச்சை மைதானமும் நீலச் சட்டைகளும் கண்ணை நிறைத்தன. இடதுபக்கம் ஓடுகிறவனின் சட்டை தோளில் இழுக்கிறது, அளவு சரியில்லை என்று நினைத்துக்கொண்டாள். பக்கத்தில் புருஷன் இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சிரித்திருக்கலாம். அந்த இடம் காலியாக இருப்பது அன்றைக்குத்தான் அவளுக்கு முழுசாக வலித்தது.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் எதிர் டீம் கோல் அடித்தது.

ஒரு தலை விடாமல் அத்தனையும் அவள் பக்கம் திரும்பின. கொழுந்தன் எழுந்து வந்து முக்காலியின் காலைப் பிடித்தான். "பாத்தீங்கல்ல? கண்ணு குளுந்துச்சா? எந்திரிங்க. மரியாதையா எந்திரிங்க!"

"கையை எடுடா."

சொன்னது மாமியார். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள்.

"நானும் புருஷனை வாரிக் குடுத்தவதான்டா. அத்தனை ஆட்டமும் இங்கதான் உக்காந்து பாத்தேன். அவளைத் தள்றதுன்னா என்னையும் சேத்து உள்ள தள்ளித் தாழ்ப்பாள் போடு."

கொழுந்தனின் கை தானாக விலகியது. மாமியார் வந்து தையலக்காவின் முக்காலிக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தாள். அவளைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தாள்.

இடைவேளைக்குப் பிறகு நம் டீம் ஒரு கோல் போட்டது. கூடம் கூரையைப் பிய்த்தது. அப்போது ஒரு தலைகூட அவள் பக்கம் திரும்பவில்லை. அதை அவள் கவனித்தாள். முடிய இருந்த நேரத்தில் இன்னொன்றும் விழுந்தது. தோளில் இழுக்கிற சட்டைக்காரன்தான் அடித்தான்.

ஜெயித்தாயிற்று. கோப்பை நம்முடையது.

கட்டிப்பிடித்தார்கள், அழுதார்கள். பால்காரர் விசிலைத் தூக்கிக் கீழே போட்டார். அத்தனை பேரும் வாசலை நோக்கி ஓடும்போது எலக்ட்ரீஷியன் கத்தியது தெருமுழுக்கக் கேட்டது.

"அவ எதுக்கவே உக்காந்திருந்தும் ஜெயிச்சுட்டாங்கடா! எப்பேர்ப்பட்ட டீம்டா இது!"

கூட்டம் அதை அப்படியே பிடித்துக்கொண்டது. அவ இருந்தும் ஜெயிச்சுட்டாங்க, அவ இருந்தும் ஜெயிச்சுட்டாங்க என்று டப்பாத் தாளத்தோடு பாட்டாகவே ஆயிற்று. கடைசியாகப் படியிறங்கிய விசில், நஷ்டக் கணக்கோடு அவளைத் திரும்பிப் பார்த்து அலுத்துக்கொண்டார். "உன்னை நம்பி மோசம் போனேம்மா. உன் தரித்திரம்கூட ஒண்ணுத்துக்கும் உதவல."

தையலக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீர் வந்தது. தோற்றால் அவளால், ஜெயித்தால் அவளையும் மீறி. இதில் அவள் எந்தப் பக்கம் நின்று என்ன, எங்கே உட்கார்ந்து என்ன?

சிரித்து முடித்ததும் மெஷின் பெட்டியிலிருந்து திருப்புளியை எடுத்தாள். பின்னறைக் கதவுக்குப் போய், வெளித் தாழ்ப்பாளின் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். துருப்பிடித்த கடைசித் திருகு மட்டும் மக்கர் செய்தது. ஓரகத்தி எண்ணெய்க் குப்பியைக் கொண்டுவந்து, கேட்காமலேயே ஒரு சொட்டு விட்டாள்.

மாமியார் பார்த்துக்கொண்டே வந்தாள். "கழட்டிட்டா அப்புறம் கதவை எப்படிம்மா சாத்தறது?"

"உள்பக்கம் போடறேன் அத்தை. சாத்தணும்னா நானே சாத்திக்கறேன்."

மாமியார் கையை நீட்டினாள். கழற்றிய திருகுகளை அந்த உள்ளங்கையில் வாங்கி வைத்துக்கொண்டு, மருமகள் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.

வாசலில் விளக்கு போடும் நேரத்துக்குக் கொழுந்தன் திரும்பி வந்தான். யாரோ தோளில் தூக்கி ஆட்டியதில் நீலச் சட்டை கக்கத்திலிருந்து இடுப்பு வரைக்கும் கிழிந்திருந்தது. நாளைக்குத் தெருவே ஊர்வலம் போகிறது, சட்டை இல்லாமல் முடியாது. பின்னறைக்கு வந்து வழக்கம்போலக் கதவைத் தள்ளினான். திறக்கவில்லை. கை பழக்கத்தில் தாழ்ப்பாளைத் தேடியது. அங்கே நாலு ஓட்டைகள்தான் இருந்தன.

அந்த வீட்டில் முதல் தடவையாக, அண்ணியின் கதவைத் தட்டினான்.

"யாரு?"

"நான்தான் அண்ணி. சட்டை கிழிஞ்சு போச்சு. கொஞ்சம் தெறங்களேன்."

உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"வேலையா இருக்கேன். அப்படியே வெளியில இருங்க."